தரம் தானாகக் குறைவதில்லை

மலம்புழாப் பூங்காவின் தரம் குறைந்துவிட்டது என்னும் புலம்பல் பாலக்காட்டு எல்லைப்புறத்தில் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்து நிற்கிறது. கோவை, பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை, பெருமாட்டி என எல்லையின் இருபுறமும், பள்ளி இன்பச் சுற்றுலாவில் அந்தத் தோட்டத்தைக் கண்டு வளர்ந்தவர்கள் இரு அணிகளாகப் பிரிந்து வாதிடுகிறார்கள். அந்தக் காலத்து ஊற்றும் விளக்கும் இப்போது ஏது என்கிறது ஓர் அணி. காலம் மாறிவிட்டது, புதிய ராட்டினங்கள் வந்தால்தான் பூங்கா பிழைக்கும் என்கிறது மற்றது. சென்னையின் கிஷ்கிந்தாவைப் பற்றியும் கடற்கரைச் சாலைப் பூங்காக்களைப் பற்றியும் இதே வழக்கு, இதே இரு கட்சிகளோடு நடந்துகொண்டிருக்கிறது.

இவ்விரு கட்சிகளும் எதிரெதிராகப் பேசுவதுபோல் தோன்றினாலும் இரண்டின் இலக்கணமும் ஒன்றே. ஊற்று நின்றுவிட்டது. விளக்கு மங்கிவிட்டது. ராட்டினம் பழுதாகிவிட்டது. தரம் குறைந்துவிட்டது. எல்லாம் தாமே நிகழ்ந்தனபோலப் பேசும் வினைகள். தன்வினை, பிறவினை என்று பள்ளியில் பயின்ற பாகுபாட்டை மறுபரிசீலனை செய்த கு. பரமசிவம் இவற்றை இயங்குவினை, இயக்குவினை என்று பிரித்தார். கயிறு அறுந்தது என்பதில் கயிற்றுக்கு நேர்ந்தது மட்டுமே சொல்லப்படுகிறது. கயிற்றை அறுத்தான் என்றால் அறுத்தவன் ஒருவன் வாக்கியத்துக்குள் வந்தே ஆகவேண்டும். தமிழில் இந்த இணைகளுக்குப் பஞ்சமில்லை: நின்றது, நிறுத்தினார்கள், கெட்டது, கெடுத்தார்கள், குறைந்தது, குறைத்தார்கள். மலையாளமும் தமிழும் ஒரே முற்றத்தில் புழங்கும் பெருமாட்டியில் ‘கேடாயி’ என்ற சொல்லும் ‘கேடாக்கி’ என்ற சொல்லும் கூடவே கைக்கெட்டும். இத்தனை வசதியுள்ள மொழிச் சூழலில் இருந்துகொண்டு, பூங்காவைப் பற்றி மட்டும் எல்லோரும் இயங்குவினையிலேயே பேசுவது தற்செயல் அன்று. பழகிப்போன பணிவு அது.

யாரும் வேண்டுமென்றே ஊற்றை நிறுத்தவில்லையே என்று ஒருவர் கேட்கலாம். அதற்கும் தமிழில் வடிவம் உண்டு. நிற்கவிட்டார்கள், துருப்பிடிக்கவிட்டார்கள், மங்கவிட்டார்கள். செய்த குற்றத்தையும் செய்யாது விட்ட குற்றத்தையும் தனித்தனியே சொல்லும் அளவுக்கு நுட்பமான மொழி இது. பேசுவோர்தாம் அந்த நுட்பத்தைப் பயன்படுத்த மறுக்கிறார்கள்.

பெருமைக்குரிய செயலென்றால் நிலைமை தலைகீழாகிவிடும். மலம்புழா அணைக்கு 1949 மார்ச்சில் அன்றைய சென்னை மாகாணத்தின் பொதுப்பணித் துறை அமைச்சர் பக்தவத்சலம் அடிக்கல் நாட்டினார். 1955 அக்டோபரில் முதலமைச்சர் காமராசர் அணையைத் திறந்துவைத்தார். மலபார் மாவட்டம் மொழிவழி மாநிலப் பிரிவினையில் கேரளத்துக்குச் செல்வதற்கு ஓராண்டு முன்பு அது. நாட்டினார், திறந்துவைத்தார்: இரண்டிலும் எழுவாய் பெயரோடு நிற்கிறது. இந்தியாவின் எந்தக் கல்வெட்டிலும் ‘அணை திறந்தது’ என்று எழுதப்பட்டிருக்காது. திறப்பதற்கு ஆள் உண்டு; மூடுவதற்கு மட்டும் ‘மூடப்பட்டுள்ளது’ என்னும் செயப்பாட்டுவினைப் பலகை போதும். எவரால் மூடப்பட்டது, எதற்காக, எந்நாள்வரை என்று அப்பலகை சொல்வதில்லை, பார்வையாளரும் கேட்பதில்லை.

மலம்புழாவில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதையும் கருத வேண்டும். கானாயி குஞ்ஞிராமன் 1969இல் வடித்த யட்சி இன்றும் கால் நீட்டி, மலையைப் பார்த்து அமர்ந்திருக்கிறாள். ஆடையில்லாத பெண்ணுருவம் என்று அன்று எழுந்த கூச்சல் அடங்கிப்போனது, அவள் அடங்கவில்லை. நேக் சந்த் உடைந்த வளையல்களையும் ஓடுகளையும் கொண்டு உருவாக்கிய பாறைத் தோட்டமும் அங்கே இருக்கிறது. (உடைந்த பொருள்களால் ஆன அத்தோட்டத்தை எவரும் பழுதென்று சொல்ல முடியாது என்பது வேறு கதை.) யட்சிக்கு மசகு எண்ணெய் வேண்டாம். ஊற்றுக்கும் விளக்குக்கும் கம்பிவட ஊர்திக்கும் ராட்டினத்துக்கும் நாள்தோறும் ஒரு மனிதக் கை வேண்டும். மோட்டாரைக் கழற்றிப் பார்க்க வேண்டும், திருகாணியை முறுக்க வேண்டும், தேய்ந்த உருளியை மாற்ற வேண்டும். ஆகவே தரம் என்பது ஒரு காலத்தில் இருந்து பிறகு தொலைந்த பொருள் அன்று. காலைதோறும் புதிதாகச் செய்யப்படும் வேலை. அந்த வேலைக்கு ஆள் குறைக்கப்பட்டால், உதிரிப்பாகம் வாங்கும் கோப்பு மேசையில் கிடந்தால், தரம் அன்றைக்கே குறைக்கப்பட்டுவிட்டது. பார்வையாளர் கண்ணுக்கு அது தெரிய ஐந்தாண்டு ஆகலாம்.

இது வெறும் இலக்கணச் சச்சரவு என்று ஒதுக்குவோர் சென்னையைப் பார்க்கட்டும். 2012 செப்டம்பரில் பூந்தமல்லியை அடுத்த ஈவிபி பூங்காவின் ‘ஆக்டோபஸ்’ ராட்டினத்திலிருந்து விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். 2016 மே மாதத்தில் தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தாவில் சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் சரிந்து பூங்கா ஊழியர் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். 2025 மே மாதத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் விஜிபி பூங்காவில் முப்பது பேர் அந்தரத்தில் மணிக்கணக்கில் சிக்கிக்கொண்டு, தீயணைப்புத் துறையின் ஏணி ஊர்தியால் மீட்கப்பட்டனர். ‘விபத்து நேர்ந்தது’, ‘ராட்டினம் அந்தரத்தில் நின்றது’ என்றே இத்தகைய நிகழ்வுகள் சொல்லப்படுகின்றன. மழை பெய்தது என்பதைப் போல. சுவை குறைந்துபோன பொழுதுபோக்கைப் பற்றிய அங்கலாய்ப்பும் சடலத்தைப் பற்றிய செய்தியும் ஒரே வினைவடிவத்தில் வருகின்றன என்றால், முன்னதில் பழகிய நாக்குத்தான் பின்னதையும் சொல்கிறது. நின்றுபோன ஊற்றைப் பார்த்து ‘யார் நிறுத்தினார்’ என்று கேட்டுப் பழகாதவர்கள் சரிந்த ராட்டினத்தைப் பார்த்தும் கேட்கமாட்டார்கள்.

இயக்குவினை இந்த விவாதத்தில் அறவே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. ஓரிடத்தில் தவறாமல் வருகிறது: ‘நம் மக்கள்தான் கெடுத்தார்கள்.’ குப்பை போட்டார்கள், கிறுக்கினார்கள், செடியைப் பிடுங்கினார்கள். அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் கிடைக்காத எழுவாய்ப் பதவி, சீட்டு வாங்கி உள்ளே வந்த ஏழைக்கு உடனே கிடைத்துவிடுகிறது. நிர்வாகம் எழுவாயாக வரும் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான் பொதுவாகக் கண்ணில் படுகிறது. அது நுழைவாயில்களிலும் சீட்டின் பின்புறத்திலும் அச்சாகியிருக்கும். ‘நிர்வாகம் பொறுப்பல்ல.’ அதுவும் எதிர்மறை.

பழைய நினைவு ஏமாற்றும் என்று இரண்டாம் அணி சொல்வதில் உண்மை உண்டு. மூன்றடி உயரத்திலிருந்து பார்த்த ஊற்று வானத்தைத் தொட்டிருக்கும். ஐந்தரை அடியிலிருந்து தொடாது. கொச்சியில் 2000இல் வீகாலாந்தாகத் தொடங்கி வொண்டர்லாவாகப் பெயர் மாறிய பூங்காவின் எந்திரங்களோடு ஒப்பிட்டால் அன்றைய ராட்டினங்கள் விளையாட்டுச் சாமான்களே. ஆனால் புதுமை வேறு, இயக்கம் வேறு. இன்று எத்தனை ஊற்று ஓடுகிறது, எத்தனை விளக்கு எரிகிறது என்பது எண்ணிச் சொல்லக்கூடிய செய்தி. அதற்கு ஏக்கமும் வேண்டாம், ரசனையும் வேண்டாம். பராமரிக்கத் தெரியாத நிர்வாகத்திடம் புதிய ராட்டினம் கேட்பது எதிர்காலத்துப் பழுதொன்றை முன்பதிவு செய்வதாகும்.

ரசிகர்களின் விவாதம் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் அனகைம் நகரத்து டிஸ்னிலாந்தில் 1990களின் இறுதியில் ஆலோசனை நிறுவனமொன்றின் பரிந்துரையின்பேரில் பராமரிப்பு முறை மாற்றப்பட்டது. உரிந்த சாயத்தையும் எரியாத விளக்குகளையும் அப்பூங்காவின் தீவிர ரசிகர்கள் இடம் குறித்து, நாள் குறித்துப் பட்டியலிட்டார்கள். முடிவெடுத்த நிர்வாகிகளின் பெயர்களைச் சொல்லியே கேட்டார்கள். பித்துக்குளிகள் என்று சிரித்தவர்களும் இருந்தார்கள். 2003 செப்டம்பரில் அங்கே ஒரு மலைரயில் தடம்புரண்டு இருபத்திரண்டு வயது இளைஞர் இறந்தார். முறையற்ற பராமரிப்பே காரணம் என்று மாநில அரசின் விசாரணை சொன்னது. விளக்குகளை எண்ணியவர்கள் சரியான இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2005இன் பொன்விழாவுக்கு முன் அந்தப் பூங்கா விரிவாகப் புதுப்பிக்கப்பட்டது.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. வினையை மாற்றிப் பேசிய ஊர் பெருமாட்டியே. அவ்வூராட்சிக்கு உட்பட்ட பிளாச்சிமடாவில் 2000இல் கோக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கிய பின் கிணறுகள் வற்றின, நீர் கெட்டது. வறட்சிதான் காரணம் என்று விட்டிருந்தால் அங்கும் இயங்குவினையே வென்றிருக்கும். மயிலம்மாவும் அவரைப் போன்ற பழங்குடிப் பெண்களும் 2002 ஏப்ரலில் ஆலை வாயிலில் அமர்ந்து, நீர் கெடவில்லை, கெடுக்கப்பட்டது, கெடுத்தவர் இன்னார் என்றார்கள். 2003 ஏப்ரலில் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான 2011ஆம் ஆண்டுச் சட்ட முன்வடிவு குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறாமலே போனது, பணம் வரவில்லை. ஆயினும் எழுவாய் நிலைபெற்றுவிட்டது; இன்று எவரும் பிளாச்சிமடாவில் கிணறு ‘தானாக’ வற்றியது என்று எழுதத் துணிவதில்லை. குடிநீரும் கேளிக்கையும் ஒரே எடையுடையவை அல்ல. ஆனால் இரண்டுக்கும் ஒரே வாக்கியம்தான் தேவைப்படுகிறது. குடிநீருக்காக அதை உருவாக்கிய ஊரார், முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பூங்காவுக்குள் நுழைந்ததும் அதை மறந்துவிடுவானேன்?

இப்போது கேட்க வேண்டிய காரணமும் கைவசம் உள்ளது. சுவதேஷ் தர்ஷன் 2.0 திட்டத்தில் மலம்புழாப் பூங்காவுக்கு ஒன்றிய அரசு 2025இல் 75.87 கோடி ரூபாய் ஒதுக்கியது. பணிகள் முடியும் நாளில் எழுவாயோடு கூடிய கல்வெட்டொன்று நிச்சயம் வைக்கப்படும். பழைய ஊற்றா புதிய ராட்டினமா என்று வாதிடுவோர் அதற்குள் வேறு இரண்டைக் கேட்டுப் பெறலாம்: அத்தொகையில் கட்டுவதற்கு எவ்வளவு, கட்டியதை ஓட்டுவதற்கு ஆண்டுதோறும் எவ்வளவு என்னும் கணக்கு, சீட்டுச் சாளரத்தின் அருகே, இன்று இயங்காதவை எவை, எந்நாள்முதல், அவற்றைச் சீர்செய்யும் பொறுப்பு எந்த அலுவலருடையது என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஒரு பலகை. அந்தப் பலகையில் ‘பொறுப்பல்ல’ என்ற சொல்லுக்கு இடம் தரக் கூடாது.