15 பாரா? பர்ஸ் பத்திரம்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் புது ஃப்ளாட்டுக்குக் குடிபோகும் இளசுகள் சிலர், சமையலறை மேடையில் எஸ்பிரஸோ மெஷினுக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைக்கிறார்கள். நல்ல விஷயம், குடிக்கட்டும். ஆனால் வாங்குகிற விதம் இருக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல்.

அட்டைப்பெட்டியில் '15 பார்' என்று கொட்டை எழுத்து. பக்கத்துப் பெட்டியில் 20. "இதுதான் சார் பவர்ஃபுல்" என்கிறார் கடைக்காரர். உடனே பில்!

எஸ்பிரஸோவுக்குத் தேவை சுமார் 9 பார். 1948-ல் இத்தாலியின் காஜியா நெம்புகோல் மெஷின் கிட்டத்தட்ட இந்த அழுத்தத்தைக் கொண்டுவந்த பிறகுதான், மேலே பொன்னிற நுரை படியும் இன்றைய எஸ்பிரஸோ பிறந்தது. பெட்டியில் இருக்கும் 15, உள்ளே இருக்கும் குட்டி பம்ப் அதிகபட்சமாகத் தரக்கூடியது. ஸ்பீடோமீட்டரில் 160 வரை எண் இருக்கிறது என்பதற்காக சி.டி.எச். ரோட்டில் 160-ல் போக முடியுமா என்ன?

இன்னொரு கூத்து. பலருக்கு எஸ்பிரஸோ என்றால் கல்யாண மண்டபத்தில் 'புஸ்ஸ்' என்று நீராவி விட்டு, நுரை பொங்க, மேலே சாக்லேட் தூள் தூவித் தருவார்களே, அதுதான். பெரும்பாலும் அது இன்ஸ்டன்ட் காபித்தூளும் நீராவியில் சூடான பாலும். அந்த ருசிதான் வேண்டும் என்றால் பால் நுரைக்கும் சின்னக் கருவி போதும். ஆயிரக்கணக்கில் அழ வேண்டாம்.

நிஜ எஸ்பிரஸோ வேண்டுமா? அப்படியானால் முதலில் வாங்க வேண்டியது மெஷின் அல்ல, கிரைண்டர். சுமார் 18 கிராம் தூளில் 25-30 விநாடிக்குள் 36 கிராம் காபி இறங்க வேண்டும். தூள் கொஞ்சம் பருமனாக இருந்தால் தண்ணீர் ஓடிவிடும், புளிக்கும். ரொம்ப நைஸாக இருந்தால் அடைத்துக்கொள்ளும், கசக்கும். மாவு மில்லில் கல்லின் இடைவெளியை முறுக்கிச் சரிசெய்வது போல, பர் கிரைண்டரில்தான் இந்த நுணுக்கம் நடக்கும். மிக்ஸி கத்தி வெட்டும், சீராக அரைக்காது. தெருமுனைக் கடை பில்டர் தூளோ இதற்காக அரைத்ததே அல்ல. அதிலும் சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதம் இருந்தாலே சட்டத்துக்குப் போதும். மீதி சிக்கரி!

"எங்க மெஷின்ல எந்தத் தூள் போட்டாலும் நுரை வருதே?" வரும். விலை குறைந்த மெஷின்களின் வடிகட்டியில் இரட்டைச் சுவர், அடியில் ஊசித்துளை. பழைய தூளைப் போட்டாலும் அந்தத் துளை நுரைக்க வைக்கும். அது துளையின் சாமர்த்தியம், காபியின் குணம் அல்ல.

அடுத்தது தண்ணீர். நம் பக்கத்து போர் தண்ணீர் கொதித்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது தெரியும்தானே? அதே உப்பு மெஷினுக்குள்ளும் படியும். பாத்திரம் என்றால் தேய்க்கலாம். பாய்லருக்குள் கை நுழையுமா?

கடைசியாகக் கணக்கு. கப்புக்கு 18 கிராம் என்றால் 250 கிராம் பாக்கெட்டில் 13 கப். இருவர் தினம் ஒன்று குடித்தால் ஒரு வாரத்தில் காலி. இந்த மாதாந்திரச் செலவைக் கடையில் யாரும் சொல்வதில்லை. 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' மட்டும் சொல்வார்கள். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. தள்ளுபடியாகக் கழிப்பது வட்டியைத்தான். கார்டில் வாங்கினால் அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. தனியாக விழும்.

ஆகவே, முதலில் நல்ல கிரைண்டர் ஒன்று வாங்கட்டும். அன்றன்று அரைத்த தூளை வீட்டிலிருக்கும் பித்தளை பில்டரிலேயே போட்டு ஆறு மாதம் குடிக்கட்டும். அதற்குப் பிறகும் எஸ்பிரஸோ ஆசை அடங்கவில்லை என்றால் மெஷின் வாங்கலாம், கிரைண்டர் தயாராக இருக்கிறது. அடங்கிவிட்டதா? மெஷின் காசு மிச்சம், வீட்டில் காபியும் முன்னைவிட மணக்கும்.

மெஷினை முதலில் வாங்கினவருக்கு இந்த இரண்டு வழியும் கிடையாது. மேடையில் மெஷின் இருக்கும், மாதாமாதம் தவணை இருக்கும். காபி மட்டும் பழைய பில்டரில்தான் இறங்கிக்கொண்டிருக்கும்.