ஆச்சி, கதவைத் திற!

போன கோடை லீவுக்கு அம்மா ரெண்டு மாசம் இங்க வந்து இருந்தாங்க. அம்பாசமுத்திரத்துல இருந்து திருநெல்வேலி வந்து, ரயில் ஏறி, காலைல பெங்களூர்ல இறங்கும்போதே கையில ரெண்டு பை. ஒண்ணுல அல்வாவும் மிக்சரும், இன்னொண்ணுல வடகமும் மோர் மிளகாயும். வீட்டுக்குள்ள வந்ததும் பேரனைப் பார்த்து "எய்யா, எப்படி இருக்க?"ன்னு கேட்டாங்க. நம்ம ஜூனியர் (ஏழு வயசு) "ஐ ஆம் ஃபைன் ஆச்சி"ன்னுட்டு ரூமுக்குள்ள போயிட்டான்.

அடுத்த பத்து நாள் அவங்க ரெண்டு பேரும் பேசினதை ஒரு போஸ்ட் கார்டுல எழுதிடலாம். "சாப்ட்டியா?" "ம்." "பால் வேணுமாய்யா?" "நோ." அவ்வளவுதான்.

அவனைச் சொல்லிக் குத்தமில்லை. ஸ்கூல்ல இங்கிலீஷ், தெருப்பசங்களோட பாதி இங்கிலீஷ் பாதி ஹிந்தி, கீழ்வீட்டு ஓனரம்மாகிட்ட கன்னடம். தமிழ்ல நாங்க பேசினா எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷ்ல வரும். நியூஜெர்சில இருக்கற சொந்தக்காரங்க இதையே சொன்னப்ப "அமெரிக்கா போனா அப்படித்தான்"னு நானும் தங்கமணியும் சிரிச்சிருக்கோம். ஓசூர் தாண்டி நாப்பது கிலோமீட்டர் வந்ததுக்கே இந்த லட்சணம்!

அம்மா ஒண்ணும் சொல்லலை. ஒருநாள் ராத்திரி மட்டும் என்கிட்ட, "உம் மவன்கிட்ட பேசணும்னா நான் இங்கிலீசு படிச்சுட்டுத்தான் வரணும் போல"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குத்தான் அன்னிக்குச் சோறு இறங்கலை.

இதுக்கு வழி கிடைச்சது ஒரு வீடியோ கேம்ல. "கேம் ஆடாதே"ன்னு தினமும் கத்தற ஆள் நான். அதனால இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு :-)

மே மாசம் இங்க சாயந்திரம் ஆனா மழை கொட்டும், தெரியும்ல. வெளிய போக முடியாது. என் பழைய லேப்டாப்புல 'லெகோ ஸ்டார் வார்ஸ்: தி கம்ப்ளீட் சாகா' இருந்துச்சு. 2007ல வந்த கேம். எஸ்.பி. ரோட்டுல வாங்கின ரெண்டு ஜாய்ஸ்டிக்கும் இருந்துச்சு. எனக்கு அன்னிக்கு ஏகப்பட்ட ஆணி. ஜூனியர் கூட ஆட ஆள் இல்லாம என் சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தான். "போய் ஆச்சியைக் கூப்பிடு"ன்னு எரிச்சல்ல சொன்னேன். அவன் நிஜமாவே கூப்பிட்டுட்டான்.

தெரியாதவங்களுக்காகச் சொல்லிடறேன். லெகோங்கறது டென்மார்க்ல இருந்து வர்ற பிளாஸ்டிக் கட்டைகள். 2003லயும் 2004லயும் அந்தக் கம்பெனிக்கு பெரிய நஷ்டம். அதுக்கு அடுத்த வருஷம், 2005ல, இங்கிலாந்துல டிராவலர்ஸ் டேல்ஸ்னு ஒரு குழு ஸ்டார் வார்ஸ் கதையை லெகோ பொம்மைகளை வெச்சு ஒரு கேமா பண்ணினாங்க. அது ஓடின ஓட்டத்துல 2008ல இண்டியானா ஜோன்ஸ், அதே வருஷம் பேட்மேன், 2010ல ஹாரி பாட்டர்னு வரிசையா வந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் நிக்கலை.

இந்தப் பழைய கேம்கள்ல ஒரு பொம்மையும் பேசாது. ஒரு வசனம் கிடையாது. "ம்ம்", "ஆ", "ஹும்"னு முனகறது, தோளைக் குலுக்கறது, முழிக்கறது, அவ்வளவுதான். ரெண்டு மணி நேரப் படத்தோட கதையை மொத்தமா ஊமை ஜாடையிலயே சொல்லிடுவாங்க.

அம்மா கையில ஜாய்ஸ்டிக்கைக் குடுத்தா அதைத் தாம்பாளம் மாதிரி ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு உக்காந்தாங்க. அவங்களுக்கு வந்த ஆளு ஆர்டூ-டீடூ. நீலமும் வெள்ளையுமா, குட்டித் தண்ணித் தொட்டி மாதிரி உருண்டு வருமே, அதேதான். கத்தியும் கிடையாது துப்பாக்கியும் கிடையாது. ஆனா சில கதவுகளை அது வந்தாத்தான் திறக்க முடியும். பேரன் கத்தியைச் சுழட்டி எல்லாரையும் உடைச்சுட்டு கதவுகிட்ட போய் நின்னுட்டான். ஆச்சியோட தொட்டி மூணு ரூமுக்கு முன்னாடி ஒரு சுவத்துல முட்டிக்கிட்டு நிக்குது.

"ஆச்சி, கம்!"

அம்மா அசையலை. நிஜமாவே புரியலையா, இல்லை புரியாத மாதிரி இருந்தாங்களான்னு எனக்கு இப்பவும் சந்தேகம்தான்.

"ஆச்சி... இங்க வா. இந்தப் பக்கம். இல்ல இல்ல, அந்தப் பக்கம் இல்ல. நேரா. நேரா வா. ஆச்சி, கதவைத் திற!"

மெயில் பாத்துக்கிட்டு இருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். தங்கமணி அடுக்களையில இருந்து கரண்டியோட எட்டிப் பார்த்தாங்க. பையன் ஒரே மூச்சுல இவ்வளவு தமிழ் பேசி நாங்க கேட்டதே இல்லை.

அன்னில இருந்து தினமும் சாயந்திரம் ஒரு மணி நேரம் ஆட்டம். இந்த கேமைச் செஞ்சவங்க சில விஷயத்தை யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க. இதுல யாரும் சாகறதில்லை. அடிபட்டா கட்டை கட்டையாச் சிதறி, அடுத்த நொடியே முழுசா எழுந்து நிக்கும், சேர்த்த காசு கொஞ்சம் கீழே கொட்டும், அவ்வளவுதான். "தோத்துட்டே, முதல்ல இருந்து ஆரம்பி"ங்கற பேச்சே இல்லை. அறுபத்தெட்டு வயசு ஆளு ஒரு மணி நேரத்துல நாப்பது தடவை பள்ளத்துல விழுந்தாலும் ஆட்டம் நிக்காது. (பல்லாங்குழி ஆடின கை இல்லையா, கொட்டின காசை மட்டும் ஒண்ணு விடாமப் பொறுக்கிடுவாங்க.) குக்கர் விசில் அடிச்சா ஜாய்ஸ்டிக்கைக் கீழே வெச்சுட்டுப் போகலாம், அவங்க ஆளை கம்ப்யூட்டர் பாத்துக்கும். திரும்ப வந்தா விட்ட இடத்துல சேர்ந்துக்கலாம். அதோட ரெண்டு பேருக்கும் ஒரே திரை. ஒருத்தர் மட்டும் முன்னாடி ஓடிட முடியாது, திரை விடாது. 2009ல வந்த ரெண்டாவது இண்டியானா ஜோன்ஸ்ல இருந்து ஆளுக்குப் பாதித் திரையாப் பிரிஞ்சுக்கற வசதி வந்துச்சு. முன்னேற்றம்னு எல்லாரும் பாராட்டினாங்க. எங்க வீட்டுக்கு அந்த முன்னேற்றம் இல்லாததுதான் நல்லதாப் போச்சு.

ஆனா எல்லாத்தையும் விட அந்த ஊமைத்தனம்தான் பெரிய விஷயம். பொம்மை பேசாததால கதையை யாராவது சொல்லியாகணும். "ஆரு இவன்? கறுப்புத் துணி போர்த்திக்கிட்டு, இப்படி மூச்சு வாங்குதான்?"னு ஆச்சி கேப்பாங்க. பேரன் சொல்லணும். "அவன் பேடு... கெட்டவன் ஆச்சி. முன்னாடி நல்லவன். அப்புறம் கெட்டவன் ஆயிட்டான்." "ஏன் ஆனான்?" இந்த 'ஏன்'களுக்குப் பதில் சொல்லியே அவனுக்குத் தமிழ்ல இறந்தகாலம் வந்துச்சு.

கறுப்புத் துணிக்காரன்தான் தன்னோட அப்பான்னு பையனுக்குத் தெரியற கட்டம் இருக்கே, படத்துல உலகமே மனப்பாடமா வெச்சிருக்கற வசனம், அது இந்த கேம்ல கிடையாது. அவர் ஒரு ஃபோட்டோவை எடுத்துக் காட்டுவாரு, பையன் முழிப்பான், அவ்வளவுதான். அம்மா டக்குனு புரிஞ்சுக்கிட்டாங்க. "அட, அப்பன்னு தெரியாம சண்டை போட்டிருக்கான்யா! லவனும் குசனும் ராமர்கூட சண்டை போட்ட மாதிரி." அந்த நேரம் பார்த்து வாடகை ரசீது குடுக்க மேல வந்த ஓனரம்மா கதவுகிட்டயே நின்னு பாத்துட்டு, "இது நம்ம பப்ருவாஹனா கதைதானே"ன்னாங்க. 1977ல ராஜ்குமார் அர்ஜுனனாவும் மகன் பப்ருவாகனனாவும் ரெட்டை வேஷம் போட்ட கன்னடப் படம். அப்புறம் அரை மணி நேரம் அம்மா தமிழ்ல லவகுசன் கதை, ஓனரம்மா கன்னடத்துல பப்ருவாகனன் கதை, நடுவுல ஜூனியர் ரெண்டு பக்கமும் மொழிபெயர்ப்பு. ரசீதை மறந்துட்டுப் போயிட்டாங்க.

வசனம் இல்லைன்னா எல்லா பாஷைக்காரனும் உள்ளே வரலாம்னு இந்த ஊருக்கு முன்னாடியே தெரியும். 1987ல சிங்கீதம் சீனிவாசராவ் கமலை வெச்சு ஒரு வசனமும் இல்லாம எடுத்த படம், இங்க 'புஷ்பக விமானா', நமக்கு 'பேசும் படம்', ஹிந்திக்காரங்களுக்கு 'புஷ்பக்'. பெரும்பாலும் எடுத்தது இதே பெங்களூர்லதான், வின்ட்சர் மேனர் ஹோட்டல்ல. நாலு மொழி புழங்கற ஊர்ல மொழியே இல்லாம ஒரு படம். அதோட பேரை மட்டும்தான் மொழிக்கு மொழி மாத்த வேண்டியிருந்துச்சு.

லெகோ கேம்கள் 2012ல பேச ஆரம்பிச்சுது. பேட்மேனோட ரெண்டாவது பாகத்துல நடிகர்களை வெச்சு முழுசா வசனம். அதே வருஷம் வந்த லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்ல படத்தோட வசனத்தையே எடுத்துப் போட்டாங்க. பொய் சொல்லக் கூடாது, பேட்மேன் வசனம் நல்ல நக்கலா இருக்கும், நானே விழுந்து விழுந்து சிரிச்சிருக்கேன். ஆனா சிரிச்சது நானும் ஜூனியரும்தான். அதைப் போட்ட அன்னிக்கு அம்மா கால் மணி நேரம் உக்காந்து பாத்துட்டு "நீங்க ஆடுங்க, எனக்கு அடுப்புல வேலை இருக்கு"ன்னு எழுந்து போயிட்டாங்க. அடுப்புல ஒண்ணுமே இல்லை. பொம்மைகள் இங்கிலீஷ்ல கடகடன்னு பேசும்போது கதையைச் சொல்றதுக்குப் பேரனும் தேவைப்படலை, கேக்கறதுக்கு ஆச்சியும் தேவைப்படலை.

2022ல வந்த 'ஸ்கைவாக்கர் சாகா'வுல மெனுவுல போய் வசனத்தை எடுத்துட்டு பழைய முனகலையே வெச்சுக்கலாம். அப்படின்னா அந்த ஊமை பாஷைக்கு ஏங்கினது நான் மட்டும் இல்லை போல. அதை வெச்சிருக்கறவங்க இன்னிக்கே மாத்திப் பாருங்க.

"இதெல்லாம் விளம்பரம்டா, பெட்டி பெட்டியா கட்டை வாங்க வைக்கற தந்திரம்"னு ஆபீஸ்ல ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான், மறுக்கலை. ஆட்டம் ஆரம்பிச்ச மூணாம் நாளே ஜூனியர் ஒரு விண்கலம் செட்டைக் காட்டி, வேணும்னு அடம். விலையைப் பார்த்துட்டு நான் அந்த ஜன்னலையே மூடிட்டேன். வெளிநாட்டுப் பொம்மைக்கு 2020 பட்ஜெட்ல சுங்க வரியை 20 சதவீதத்துல இருந்து 60 ஆக்கினாங்க, 2023ல அது 70 ஆச்சு. நம்ம ஊர் பொம்மைத் தொழில் பிழைக்கணும்னு பண்ணினது. மைசூர் ரோட்டுல சன்னபட்னா மரப்பொம்மைக்காரங்களைப் பார்த்தவன் அதைக் குறை சொல்ல மாட்டான். அதனால எங்க வீட்டுல லெகோன்னா திரையில இருக்கறது மட்டும்தான். கையால அடுக்க சன்னபட்னா கட்டை ஒரு பை நிறைய இருக்கு.

இன்னொருத்தர் கேட்டது: "ஏன், நம்ம படத்துல கேம் இல்லையா?" இருக்கே. 2008ல வந்த ஹிந்தி 'கஜினி'க்கு ஹைதராபாத் கம்பெனி ஒண்ணு கேம் பண்ணிச்சு. 2011ல 'ரா.ஒன்'னுக்கு ஒண்ணு, 2014ல 'கோச்சடையான்'க்கு ஒண்ணு. எல்லாம் அடிதடி, பழிவாங்கல், வில்லு அம்பு. ஆச்சியும் பேரனும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஆடற மாதிரி ஒண்ணும் தேறலை. செய்யத் தெரிஞ்சவங்க இல்லாம இல்லை. 1997ல இதே பெங்களூர்ல ராஜேஷ் ராவ் ஆரம்பிச்ச த்ருவா, ஆரம்பத்துலயே 'மிஷன் இம்பாசிபிள்' பட கேமுக்காக ஒரு ஃபிரெஞ்சு கம்பெனிக்கு வேலை பார்த்தாங்க. 2019ல அமெரிக்காவோட ராக்ஸ்டார் அவங்களை வாங்கிட்டாங்க. அடுத்தவன் கதைக்கு இருபது வருஷமாப் பொட்டி தட்டின ஊர் இது. நம்ம கதைக்கு யாரும் காசு குடுக்கலை, அதான்.

காசு குடுக்க ஆள் இருந்தா என் ஆசையைச் சொல்லட்டுமா? 'மைக்கேல் மதன காமராஜன்'. இதுவும் சிங்கீதம் படம்தான், 1990. நாலு கமல். தீயை அணைக்க ராஜு, சமையல்கட்டுக்கு காமேஸ்வரன், பணத்துக்கு மதன், திருட்டு வேலைக்கு மைக்கேல். கடைசிக் கட்டத்துல மலை உச்சியில வீடு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாயும், ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் ஓடி அதைச் சமமா நிறுத்தணும். கேமுக்குன்னே எடுத்த மாதிரி இருக்கு! "கிரேசி மோகன் வசனம் இல்லாம அந்தப் படமா?"ன்னு தங்கமணி முறைச்சாங்க. நியாயமான கேள்விதான், எனக்குப் பதில் தெரியலை. ஒருவேளை வசனத்தை ஆடறவங்களே சொல்லிக்க வேண்டியதுதான். தமிழ் வீட்டுல அந்த வசனம் தெரியாதவங்க யாரு?

ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் அம்மா ஊருக்குப் போயிட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஃபோன் வரும். முன்னாடி எல்லாம் ஜூனியரை இழுத்துட்டு வந்து நிறுத்தி "ஆச்சிக்கு ஹலோ சொல்லு"ன்னு மிரட்டணும். இப்ப அவனே பிடுங்கிக்கறான். போன வாரம் அம்மா கேட்டாங்க, "எய்யா, அந்தக் கடைசிக் கதவு என்ன ஆச்சு? தொறந்துட்டியா?"

அவன் தனியா ஆடினாலும் தொட்டிக்கு மாறி அதைத் திறந்துக்கலாம். ஒரு பட்டன்தான். அது அவனுக்கும் தெரியும்.

"திறக்கலை ஆச்சி. நீ வந்து திற."

தீபாவளிக்கு டிக்கெட் போட்டிருக்கேன். இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்லதான் இருக்கு.