வழக்கைத் தடுப்பது வாதமாகாது

1948 செப்டம்பர் 13 அன்று இந்திய ராணுவம் ஐதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. 17ஆம் தேதி அதன் மன்னர் நிஜாம் பணிந்தார். போர் ஐந்தே நாள்களில் முடிந்தது. அதை ஒட்டி நடந்த கொலைகளுக்காகக் கூண்டில் ஏற்றப்பட்டவர்கள் யார், ஏற்றப்படாதவர்கள் யார் என்ற கேள்வி இன்றும் தீரவில்லை.

முதலில் கூண்டில் நின்றவர், நிஜாமுக்கு ஆதரவாகத் திரண்ட ரஜாக்கர் படையின் தலைவர் காசிம் ரஸ்வி. லாத்தூரில் வழக்கறிஞராக இருந்தவர். பீபிநகர் கிராமத்தைத் தாக்கியது, ‘இம்ரோஸ்’ இதழாசிரியர் சோயபுல்லா கானைக் கொன்றது ஆகிய வழக்குகள் அவர்மீது தொடரப்பட்டன. விசாரித்தது வழக்கமான நீதிமன்றம் அன்று. ராணுவ ஆளுநர் ஜே.என். சௌத்ரியின் ஆட்சியில் அமைந்த சிறப்புத் தீர்ப்பாயம். தீர்ப்பாய நடைமுறை தமக்கு மட்டும் பாரபட்சமானது என்று ரஸ்வி உச்ச நீதிமன்றம் வரை வாதாடினார். 1953இல் பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் அவர் தரப்பு கேட்கப்பட்டது. 1957இல் விடுதலையாகி அவர் பாகிஸ்தானுக்குப் போனார்.

தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட கம்யூனிஸ்டுகளும் அதே தீர்ப்பாயங்களில்தான் நின்றனர். பன்னிரண்டு பேருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுக்காக இங்கிலாந்திலிருந்து வந்து வாதாடினார் டி.என். பிரிட். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வாய்ப்பே தரப்படவில்லை என்பது அவர்கள் தரப்பின் முக்கிய வாதங்களுள் ஒன்று. உச்ச நீதிமன்றம் 1951இல் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆனால் உயிர் போகும் வழக்கில் வழக்கறிஞரை அமர்த்தித் தரத் தீர்ப்பாயமே முயன்றிருக்க வேண்டும் என்றும் சொன்னது. தூக்கு பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. அந்த வாதம் எழாமல் போயிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது தரப்பு, வென்ற ராணுவம். பண்டித சுந்தர்லால், காஜி அப்துல் கஃபார், மௌலானா அப்துல்லா மிஸ்ரி ஆகியோரை மத்திய அரசே சமஸ்தானத்துக்கு அனுப்பியது. 1948 நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் வரை அவர்கள் சுற்றினார்கள். ராணுவ நடவடிக்கையின்போதும் அதற்குப் பின்னும் 27,000 முதல் 40,000 பேர் வரை இறந்தார்கள் என்று அந்தக் குழு மதிப்பிட்டது. உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேட் மாவட்டங்களில் சேதம் மிகுதி. பெரும்பாலும் உள்ளூர்க் கும்பல்கள் முஸ்லிம்கள்மீது நடத்திய கொலைகள் அவை. ஆனால் சில இடங்களில் சிப்பாய்கள் தூண்டிவிட்டார்கள், கொள்ளையில் சேர்ந்தார்கள், கொல்லவும் செய்தார்கள் என்று அறிக்கை பதிவு செய்கிறது. ராணுவம் முஸ்லிம்களைக் காத்த இடங்களையும் அதே அறிக்கை விடாமல் குறிக்கிறது. அரசு அதை அறுபது ஆண்டுகளுக்கும் மேல் வெளியிடவில்லை. ஆகவே கொன்ற சிப்பாய் யார், காத்த சிப்பாய் யார் என்று பிரித்துச் சொல்ல எந்த நீதிமன்றத்துக்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை. அந்தக் கறை காத்தவர்கள் மேலும்தான் படிந்திருக்கிறது.

பழைய கதை என்று இதை ஒதுக்க முடியாது. 2021 டிசம்பர் 4 அன்று நாகாலாந்தின் ஓட்டிங் அருகே, நிலக்கரிச் சுரங்க வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்பிய தொழிலாளர்களை ராணுவச் சிறப்புப் படையினர் தீவிரவாதிகள் என்று எண்ணிச் சுட்டனர். அதைத் தொடர்ந்த மோதல்களையும் சேர்த்துப் பொதுமக்கள் 14 பேர் இறந்தனர். படைவீரர் ஒருவரும் இறந்தார். மாநிலக் காவல்துறை ஒரு மேஜர் உட்பட 30 பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி வழக்கைத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அரசு அனுமதி மறுத்தது. படையினரின் மனைவியர் தொடுத்த வழக்கில் 2024 செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் நடவடிக்கைகளை முடித்துவைத்தது. அனுமதி பின்னர் கிடைத்தால் தொடரலாம் என்றது.

தம் கணவர்களுக்காக நீதிமன்றம் ஏறிய அந்தப் பெண்களைக் குறை சொல்ல ஏதுமில்லை. இருளில், பதுங்கித் தாக்கும் எதிரியை எதிர்பார்த்து நிற்கும் வீரர் நொடியில் முடிவெடுக்கிறார். தவறான உளவுத் தகவலை அவர் உருவாக்கவில்லை. மேலதிகாரியின் ஆணை, தற்காப்பு, நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழை எனச் சட்டம் அவருக்குப் பல வாதங்களை வைத்திருக்கிறது. அவை வலுவான வாதங்கள். ஆனால் வழக்கு நடந்தால்தான் அவற்றைச் சொல்லவே முடியும். திட்டமிட்டவரையும் ஆணைக்குப் பணிந்தவரையும் சுடாமல் நின்றவரையும் ஒரே பட்டியலில் வைத்து அனுமதி மறுக்கும்போது, குற்றமற்றவர் தாம் குற்றமற்றவர் என்று நிறுவும் உரிமையையும் இழக்கிறார்.

விசாரணை குற்றவாளியையும் குற்றமற்றவரையும் பிரித்துக் காட்டும் என்பதற்கு இலங்கையின் மிருசுவில் வழக்கே சான்று. 2000 டிசம்பரில் தமிழர் எட்டுப் பேர் கொல்லப்பட்ட அந்த வழக்கில் ஐந்து ராணுவத்தினர் குற்றம் சாட்டப்பட்டனர். கொழும்பு மேல் நீதிமன்றம் 2015இல் நால்வரை விடுவித்து, சுனில் ரத்நாயக்க என்பவருக்கு மட்டும் மரண தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் எடுத்த அந்த வேலையை 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் பொதுமன்னிப்பு ஒரே நாளில் அழித்தது.

ஐதராபாத்தின் நீதிமன்றமே இத்தகைய விசாரணைக்கு நெறி காட்டியிருக்கிறது. ‘என்கவுன்டர்’ சாவு ஒவ்வொன்றிலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், தற்காப்புக்காகச் சுட்டோம் என்பதைக் காவலர் விசாரணையில் நிறுவ வேண்டும் என்று 2009 பிப்ரவரியில் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஆயினும் மணிப்பூர் ‘என்கவுன்டர்’ சாவுகள் பற்றிய வழக்கில் 2016 ஜூலையில் அதே உச்ச நீதிமன்றம், படையினருக்கு முழு விலக்கு எதுவும் கிடையாது என்று கூறியது.

படைவீரர் மீதான வழக்கை ராணுவ நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொள்ள ராணுவச் சட்டம் இடம் தருகிறது. அங்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஓர் அதிகாரி துணை நிற்பார். வெளி வழக்கறிஞரையும் வைத்துக்கொள்ளலாம். காஷ்மீரின் பத்ரிபல் வழக்கில் ராணுவம் இந்த வழியையே தேர்ந்தெடுத்தது. பிறகு 2014இல், சாட்சியம் போதாது என்று விசாரணைக்கு முன்பே கோப்பை மூடியது. ஐந்து பொதுமக்கள் சாவில் மத்தியப் புலனாய்வுத் துறை குற்றப்பத்திரிகை தந்திருந்த வழக்கு அது.

முன் அனுமதி முறை இருக்கட்டும். பொய் வழக்கிலிருந்து வீரரைக் காக்க அது தேவை. ஆனால் முடிவுக்குக் கெடு வேண்டும். பிற அரசு ஊழியர் விஷயத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 120 நாள் கெடு விதிக்கிறது; அதற்குள் முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளச் சொல்கிறது. சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 6ஆவது பிரிவிலும் நாடாளுமன்றம் இதைச் சேர்க்க வேண்டும். மறுப்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, காரணம் எழுதி, இறந்தவரின் குடும்பத்துக்கும் தரப்பட வேண்டும். உயர் நீதிமன்றம் அதைச் சரிபார்க்க வேண்டும். வழக்கு நடந்தால் மூத்த வழக்கறிஞரின் கட்டணத்தை, சிப்பாயாயினும் மேஜராயினும், பாதுகாப்பு அமைச்சகமே ஏற்க வேண்டும்.