சுட்டவர்களும் கையெழுத்துப் போட்டவர்களும்

பாக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில் 2007 செப்டம்பர் 16 அன்று, நெரிசலில் நின்றிருந்த வாகனங்கள் மீது அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனமான பிளாக்வாட்டரின் காவலர்கள் இயந்திரத் துப்பாக்கிகளால் சுட்டார்கள், எறிகுண்டுகளையும் வீசினார்கள். 17 ஈராக்கியர்கள் மாண்டார்கள். முதலில் சிக்கிய வெள்ளைக் காரை ஓட்டி வந்தவர் ஒரு மருத்துவ மாணவர். அருகில் இருந்தவர் அவருடைய தாய், அவரும் மருத்துவர். 9 வயதுச் சிறுவன் ஒருவனும் அன்று செத்தான். தற்காப்புக்காகவே சுட்டோம் என்றார்கள் காவலர்கள். அமெரிக்காவின் சொந்தப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., குறைந்தது 14 பேரைக் கொன்றதற்கு எந்த நியாயமும் இல்லை என்று கண்டறிந்தது.

அந்தக் காவலர்களில் குற்றம் நிரூபிக்கப்பட்ட நான்கு பேருக்கும் 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் பொதுமன்னிப்பு அளித்தார். அது அநீதி, அதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. ஆனால் டிரம்பை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்துவிட்டால், பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு வழிபோட்டுக் கொடுத்தவர்கள் தப்பிவிடுவார்கள்.

ஈராக்கின் ஆட்சிப் பொறுப்பை ஈராக்கியர்களிடம் ஒப்படைப்பதற்கு முந்தைய நாள், 2004 ஜூன் 27 அன்று, ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவர் பால் பிரெமர் 17ஆம் எண் ஆணையைத் திருத்திக் கையெழுத்திட்டார். ஒப்பந்தப் பணியில் இருக்கும் அயல்நாட்டுக் காவலர்கள் மீது ஈராக் நீதிமன்றங்கள் கை வைக்க முடியாது என்றது அந்த ஆணை. இறையாண்மையைத் தரும்போதே அதன் முதல் உரிமையை உருவிக்கொண்டார்கள். சரி, அமெரிக்கச் சட்டமாவது அவர்களைக் கட்டுப்படுத்தியதா? வெளிநாட்டில் குற்றம் செய்யும் ஒப்பந்ததாரர்களைத் தண்டிக்கும் சட்டம் பாதுகாப்புத் துறையின் பணிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பிளாக்வாட்டருக்குச் சம்பளம் கொடுத்ததோ வெளியுறவுத் துறை. நாங்கள் அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டோம் என்று குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களே வாதாடினார்கள்.

நிசூர் சதுக்கத்துக்கு ஒன்பது மாதம் முன்பு நடந்ததுதான் இந்த ஏற்பாட்டின் உள்ளத்தைக் காட்டுகிறது. 2006 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, பணியில் இல்லாத பிளாக்வாட்டர் ஊழியர் ஒருவர் ஈராக் துணை அதிபரின் மெய்க்காப்பாளரைச் சுட்டுக் கொன்றார். 36 மணி நேரத்துக்குள் அவரை நாட்டைவிட்டே விமானத்தில் அனுப்பிவைத்தார்கள். அதன்பின் பேரம் தொடங்கியது. குடும்பத்துக்கு 2,50,000 டாலர் என்று முதலில் ஒரு பேச்சு. அவ்வளவு கொடுத்தால் ஈராக்கியர்கள் வேண்டுமென்றே வந்து சாவார்கள் என்று அதிகாரிகள் தரப்பில் ஆட்சேபம் வந்ததாக அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் ஆவணம் பதிவு செய்திருக்கிறது. கடைசியில் 15,000 டாலருக்குப் படிந்தது. யார் மீதும் வழக்கு இல்லை. நிறுவனத்தின் ஒப்பந்தத்துக்கும் சேதம் இல்லை.

2005 முதல் பிளாக்வாட்டர் காவலர்கள் துப்பாக்கியைப் பயன்படுத்திய சம்பவங்கள் 195 என்றும், அவற்றில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் முதல் குண்டு அவர்களுடையது என்றும் அதே குழு கணக்கிட்டது. எங்கள் பாதுகாப்பில் இருந்த ஒரு அதிகாரிகூடச் சாகவில்லை என்று மார்தட்டினார் நிறுவனர் எரிக் பிரின்ஸ். உண்மைதான். ஒப்பந்தம் எண்ணச் சொன்னது அந்த உயிர்களை மட்டுமே.

இத்தனைக்கும் பிறகு 2014இல் சுமார் 30 ஈராக்கியர்கள் வாஷிங்டனுக்கு விமானம் ஏறிவந்து, தங்கள் நாட்டை ஆக்கிரமித்த தேசத்தின் நீதிமன்றத்தை நம்பிச் சாட்சி சொன்னார்கள். ஒருவருக்கு ஆயுள், மூவருக்குத் தலா 30 ஆண்டுகள் எனத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டுக்குப் பின் அந்த மூவரின் தண்டனை 12 முதல் 15 ஆண்டுகளாகக் குறைந்தது. நான்காமவருக்கு மறுவிசாரணையிலும் ஆயுளே உறுதியானது. மன்னிப்பு அளித்தவர் அந்தச் சாட்சிகளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? சட்டம் அதைக் கோரவில்லை. மனசாட்சி கோரியிருக்க வேண்டும்.

இதை அமெரிக்காவின் தனிநோய் என்று நினைக்க வேண்டாம். வாக்னர் கூலிப்படையைப் பல ஆண்டுகள் தெரியாது என்று சாதித்த ரஷ்யா, அதற்கு முழுச் செலவும் அரசே செய்தது என்பதை 2023இல் புதினின் வாயாலேயே ஒப்புக்கொண்டது. நமக்கு இன்னும் நெருக்கமான கணக்கும் ஒன்று பாக்கியிருக்கிறது. பிரிட்டனின் முன்னாள் சிறப்புப் படை வீரர்கள் நடத்திய கீனி மீனி சர்வீசஸ் நிறுவனம் 1980களில் இலங்கையின் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி அளித்தது. அந்தப் படை என்ன செய்தது என்பதைப் படுகொலையைக் கண்ட கொக்கட்டிச்சோலையில் கேட்டால் சொல்வார்கள். லண்டன் காவல் துறை அந்த நிறுவனத்தின் மீது போர்க்குற்ற விசாரணையைத் தொடங்கியது 2020இல். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து!

துப்பாக்கியைப் பிடித்தவன் குற்றவாளி. அவன் தப்புவதற்கான வழியை ஒப்பந்தம் எழுதும்போதே எழுதிவைத்த அரசு அவனைவிடப் பெரிய குற்றவாளி. சீருடை வீரன் சுட்டால் ராணுவ நீதிமன்றம், நாடாளுமன்றக் கேள்வி, தேசத்தின் அவமானம். கூலிக்காரன் சுட்டால் ஒரு நிறுவனத்தின் பெயர்மாற்றம். பிளாக்வாட்டர் ஸீ ஆனது, பிறகு அகாடமி ஆனது. இந்த வசதிக்குத்தான் அரசுகள் பணம் கொடுக்கின்றன. தனியார் ராணுவ நிறுவனங்கள் குறித்து 2008இல் எழுதப்பட்ட மாண்ட்ரூ ஆவணம் நல்ல நெறிகளைச் சொல்கிறது. ஆனால் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. எந்தத் துறை சம்பளம் கொடுத்தாலும் ஒப்பந்தக் காவலர்களை அமெரிக்க நீதிமன்றத்தில் நிறுத்தும் மசோதா அங்கே பலமுறை கொண்டுவரப்பட்டும் நிறைவேறவில்லை. அது சட்டமாகும்வரை, போர் நடக்கும் மண்ணுக்குத் துப்பாக்கியோடு ஒரு கூலியாளை அனுப்பும் அருகதை அந்த நாட்டின் வெளியுறவுத் துறைக்குக் கிடையாது.