வேலையா, தண்ணீரா என்று கேட்பவர் யார்?

"ஆலை வேண்டுமா, ஆறு வேண்டுமா?" கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளியிடமும் இதே கேள்வி, எண்ணூர், பழவேற்காடு கரையில் வலை உலர்த்தும் மீனவரிடமும் இதே கேள்வி. ஆறு என்று சொன்னால் முன்னேற்றத்தின் விரோதி என்கிறார்கள். ஆலை என்று சொன்னால் அடுத்தவன் சோற்றில் மண்ணைப் போட்டவன். எப்படிச் சொன்னாலும் பழி உழைப்பாளியின் தலையில்! இந்தக் கேள்வியையே நாம் ஏற்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. குழாய் எதுவும் கசியவில்லை, எல்லாம் வெள்ளம் செய்த வேலை என்று சென்னை பெட்ரோலியம் நிர்வாகம் சமாதானம் சொன்னது. வெள்ளம் வந்தால் எண்ணெய் வெளியேறும்படி ஆலையை வைத்திருந்தது யார்? வருண பகவானா? மீனவர்கள் ஆரம்பத்தில் கையுறைகூட இல்லாமல் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். இது பொதுத்துறை ஆலை. பொதுத்துறையைக் காக்கப் போராடுகிற நாமே இதைச் சொல்லியாக வேண்டும்: ஜனங்களின் சொத்து என்று பெயர் வைத்துக்கொண்டு ஜனங்களின் ஆற்றைக் கெடுக்க எவருக்கும் உரிமை கிடையாது.

அந்த ஆற்றில் இருளர் மக்கள் படகும் வலையும் இல்லாமல் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். ஆணும் பெண்ணும் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு நாள் முழுதும் தண்ணீரில் கிடக்கிறார்கள். மிதக்கும் எண்ணெய்க்கும் அவர்கள் வாய்க்கும் எத்தனை விரல் தூரம்? மீனவர் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைப் பழுதுபார்க்க 10,000 ரூபாய் என்று சர்க்கார் அறிவித்தது. படகுக்குக் கணக்கு உண்டு. கையே படகு, கையே வலை என்று பிழைப்பவனின் நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

விவசாயத் தொழிலாளிக்கும் இது புதிதல்ல. ஆலைகளுக்கும் பட்டணத்துக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, மீஞ்சூர் வட்டாரக் கிணறுகளில் கடல் உப்பு ஏறியதே, அது யாருக்காக?

அமெரிக்காவில் டகோட்டா எண்ணெய்க் குழாயின் கதையைக் கேளுங்கள். முதலில் பிஸ்மார்க் நகரத்துக்கு வடக்கே ஒரு பாதை யோசித்தார்கள். நகரக் குடிநீர்க் கிணறுகள் பக்கத்தில் இருந்தன. அந்தப் பாதை கைவிடப்பட்டது. பிறகு குழாய் எங்கே போயிற்று? ஸ்டாண்டிங் ராக் ஆதிவாசிகளின் நிலத்துக்குச் சற்று மேலே, அவர்கள் குடிக்கும் மிசௌரி ஆற்றுக்கு அடியில்! 2016இல் ஆதிவாசிகள் முகாம் போட்டு மறித்தார்கள். நவம்பர் உறைபனியில் போலீசார் அவர்கள்மேல் தண்ணீரைப் பீய்ச்சினர். டிசம்பரில் அனுமதி மறுக்கப்பட்டது. ஆனால் 2017 ஜனவரியில் பதவியேற்ற டிரம்ப், நான்கே நாளில் குழாய்க்கு வழிவிட உத்தரவு போட்டார். ஜூனில் எண்ணெய் ஓடியது.

அங்கே பெரிய தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைமை, வேலை கிடைக்கும் என்று சொல்லிக் குழாயின் பக்கம் நின்றது. வெட்கக்கேடு! பள்ளத்தை மண் மூடியதும் தோண்டியவனுக்கு வேலை ஏது? நர்ஸுகள் சங்கமும் பஸ் தொழிலாளர் சங்கமும் ஆதிவாசிகளின் பக்கம் நின்றன. அவையே சங்கங்கள்.

கழிவு எந்தக் குழாய் வழியே, எந்த இரவில் போகிறது என்று வால்வைத் திருகும் தொழிலாளிக்குத் தெரியும். வாய் திறந்தால் கான்ட்ராக்டர் நாளைக்கே கேட்டுக்கு வெளியே நிறுத்துவான்; அந்தப் பயத்தை நம்பித்தான் முதலாளி ஆற்றைக் கெடுக்கிறான். ஆகவே கசிவைச் சொல்லும் தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது என்பதைக் கூலி உயர்வோடு சேர்த்துச் சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டும். நிவாரணக் கணக்கில் கையால் இறால் பிடிக்கும் இருளரின் நஷ்டம் தனியாக ஏற வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் போன்ற திட்டங்களுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் அன்று, ஷிப்டு முடித்த தொழிலாளர்கள் கொடியோடு போய் இருளரோடும் மீனவரோடும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும்.