கிடங்கைத் திறந்து காட்டுங்கள், குழந்தையை வேண்டாம்

திண்டுக்கல் மாவட்டத்தில் மக்கள் தொடர்புத் தொழில் செய்கிற நம்மில் பலருக்கு, ஒரே துறையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் வசதி இல்லை. காலையில் ஒரு குழந்தைகள் இல்லத்தின் ஆண்டறிக்கை வரும். மத்தியானம் நிலக்கோட்டை ஜவுளிக்கடையின் நோட்டீஸ். சாயங்காலம் கொடைரோட்டில் நான்குவழிச் சாலையை ஒட்டிச் சாமான் வைக்கும் அறைகள் கட்டி மாத வாடகைக்கு விடுகிறவரின் ஃபிளெக்ஸ். மூன்றையும் ஒரே ஆள், ஒரே கணினியில், ஒரே எழுத்துருவில் செய்து முடிக்கிறார். அதில் தவறில்லை. மூன்றுக்கும் ஒரே உத்தியைக் கையாளும்போதுதான் தவறு நேர்கிறது. குழந்தைகள் இல்லம், வாடகைக் கிடங்கு ஆகிய இரண்டை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். நம் பக்கத்து விளம்பர வேலையில் இவை இரண்டும் தலைகீழாக நடக்கின்றன என்பது எங்கள் கருத்து. திறந்து காட்ட வேண்டிய கிடங்கை மூடி வைக்கிறோம். மூடிக் காக்க வேண்டிய குழந்தையைத் திறந்து காட்டுகிறோம்.

முதலில் கிடங்கு. வீட்டுச் சாமானையும் கடைச் சரக்கையும் ஓர் அறையில் வைத்து, நம் பூட்டைப் போட்டு, சாவியை நாமே எடுத்துப்போகும் இந்த வாடகை முறை 1960களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கம் தொழிலாக உருவெடுத்தது. சென்னையிலும் பெங்களூரிலும் இன்று அது பழகிவிட்டது. கொடைரோடு மாதிரியான ஊருக்கும் அதற்கான தேவை இருக்கிறது. மலைக்குப் போகிற சாலையும் மதுரைக்குப் போகிற சாலையும் சந்திக்கிற இடம் இது. மாற்றலாகிப் போகும் வங்கி ஊழியர், வீட்டைப் பூட்டிவிட்டு வளைகுடாவுக்குப் போகும் குடும்பம், பருவம் முடிந்ததும் காலிக் கிரேட்டுகளை எங்கே அடுக்குவது என்று தெரியாத திராட்சைத் தோட்டக்காரர், சீசன் ஓய்ந்ததும் மெத்தைகளைக் கீழே இறக்கும் கொடைக்கானல் விடுதிக்காரர் என்று வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் எழுதித் தருவது என்ன? ‘உங்கள் பொருள் எங்கள் உயிர்’, ‘100 சதவீதப் பாதுகாப்பு’. கூடவே இணையத்தில் எடுத்த ஏதோ ஒரு வெளிநாட்டுக் கிடங்கின் படம்.

பீரோவையும் கட்டிலையும் கொண்டுபோய் வைக்கப்போகும் பெண்மணி கேட்கும் கேள்விகள் வேறு. கூரை தகரமா, கான்கிரீட்டா? சித்திரை வெயிலில் உள்ளே எவ்வளவு கொதிக்கும்? ஐப்பசி மழையில் சுவரோரம் ஈரம் ஏறுமா? பெட்டிகள் வெறும் தரையில் நிற்குமா, மரப்பலகை மேல் நிற்குமா? கரையான் மருந்து கடைசியாக எப்போது அடித்தார்கள்? அந்துருண்டை போட்டு மடித்து வைத்த பட்டுப்புடவை ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கும்? நல்ல விளம்பரம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும். ஷட்டரைத் தூக்கி, உள்ளே விளக்கைப் போட்டு, தரையும் சுவரும் சேரும் மூலையைப் படமெடுத்துப் போடுங்கள். தீயணைப்புத் துறைச் சான்று இருந்தால் அதன் தேதியோடு போடுங்கள். இல்லையென்றால், வாங்கும்வரை விளம்பரத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அந்த அறிவுரைக்கும் சேர்த்துத்தான் அவர் நமக்குக் காசு தருகிறார்.

இதைவிட முக்கியமானது ஒப்பந்தம். சாமானைக் கிடங்குக்காரரிடம் ஒப்படைத்தால் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி அவருக்கு அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமை உண்டு. வாடிக்கையாளரே பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டால், அது வெறும் இட உரிமம் என்று கிடங்குக்காரர் வாதாடலாம். எலி கடித்தால் யார் பொறுப்பு, திருட்டுப் போனால் யார் பொறுப்பு என்பதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டில் தொங்கும். மூன்று மாத வாடகை பாக்கி என்பதற்காகச் சாமானை ஏலம் போட, ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இல்லாமல் கிடங்குக்காரருக்கு எளிதில் உரிமை வந்துவிடாது. காப்பீடு வாடகையில் சேர்த்தியா, தனியா என்பதும் பலருக்குத் தெரியாது. இவற்றைப் பின்பக்கத்தில் கடுகு எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் போட்டுவிட்டு, முன்பக்கத்தில் பெரிய தமிழெழுத்தில் ‘முழுப் பாதுகாப்பு’ என்று அச்சடிக்கிறோம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள் இதை நேராகவே தடுக்கின்றன. உறுதிமொழி எந்த மொழியில் இருக்கிறதோ, நிபந்தனையும் அந்த மொழியிலேயே, கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை போகும்.

இனி குழந்தைகள் இல்லம். நம் ஊர்ப் பக்கங்களில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு புகைப்படத்தைச் சற்று நின்று பார்ப்போம். பிறந்தநாள் அன்னதானம். நீளமான வராந்தாவில் பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டில் கேசரி, வடை. நன்கொடையாளர் குனிந்து ஒரு கரண்டியை நீட்டியிருக்கிறார், ஆனால் அவர் பார்வை கேமராவில் இருக்கிறது. தட்டைப் பிடித்திருக்கும் சிறுமியும் கேமராவைத்தான் பார்க்கிறாள், யாரோ பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் சாப்பிடத் தொடங்கவில்லை. கீழே இல்லத்தின் பெயர், ஊர், நன்கொடையாளரின் கடைப் பெயர், கைபேசி எண். அந்தச் சிறுமி மறுநாள் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறாள். பேருந்தில் அவள் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் அம்மா முந்தின நாள் இரவே அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டிருப்பார்.

பெருநகரத்துப் பி.ஆர்.ஓ.க்கள் எழுதிவைத்த பாடங்களில் இந்தப் பேருந்து கிடையாது. அம்மையநாயக்கனூருக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவே யாருக்கு யார் உறவு என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே அச்சான முகம் அச்சிலேயே நின்றுவிடுவதில்லை. பத்து வருடம் கழித்து அவளுக்கு வரன் பார்க்கும்போதுகூட அந்தப் படம் யாருடைய கைபேசியிலிருந்தோ எழுந்து வரும்.

குழந்தையின் படத்தை வைத்து நிதி திரட்டும் வழக்கத்துக்கு வயது நூறுக்கு மேல். 1919-ல் லண்டனின் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் எக்லன்டைன் ஜெப் என்ற பெண்மணி துண்டறிக்கை கொடுத்துக் கைதானார். போர் முடிந்த பிறகும் நீடித்த முற்றுகையால் பட்டினி கிடந்த ஆஸ்திரியக் குழந்தையின் படம் அதில் இருந்தது. தணிக்கை அனுமதி வாங்காததற்கு 5 பவுண்டு அபராதம். வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞரே அந்த 5 பவுண்டைத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்பதும், ஜெப் தொடங்கிய சேவ் த சில்ட்ரன் அமைப்பின் முதல் நன்கொடை அதுதான் என்பதும் நம் தொழிலில் உள்ளவர்கள் அறிந்த வரலாறு. ஜெப் அந்தப் படத்தை ஓர் அரசின் கொள்கையை எதிர்த்துத் தூக்கிப் பிடித்தார், அதற்காகச் சிறைக்குப் போகவும் தயாராக இருந்தார். நம் அன்னதானப் படம் எந்தக் கொள்கையையும் எதிர்க்கவில்லை. அது நன்கொடையாளருக்குத் தரும் ரசீதாகிவிட்டது.

முகமில்லாமல் குழந்தைகளுக்காகப் பேச முடியாதா? பேசியிருக்கிறார்கள், வெற்றியும் கண்டிருக்கிறார்கள். யுனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டை 1949-ல் வந்தது. செக்கோஸ்லோவாக்கியாவில் உதவி பெற்ற ஒரு கிராமத்தின் ஏழு வயதுச் சிறுமி, நன்றி சொல்ல வரைந்த ஓவியம் அது. குழந்தை வரைந்ததை உலகம் பார்த்தது. 1979-ல் மும்பையில் ரிப்பன் கபூர் என்ற விமானப் பணியாளர் நண்பர்கள் சிலருடன் 50 ரூபாயை வைத்துக்கொண்டு தொடங்கிய ‘க்ரை’ அமைப்பும் வாழ்த்து அட்டைகளை விற்றே வீடுவீடாக நுழைந்தது. 1996-ல் மும்பையில் தொடங்கிய 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பெரிய விளம்பரம் அந்த நான்கு இலக்கங்கள்தான். அந்த எண்ணே நாடு முழுக்கப் பதிந்தது.

நம் பக்கத்திலேயே முன்மாதிரி உண்டு. திண்டுக்கல்லிலிருந்து கொடைரோட்டுக்கு ரயிலில் வருகிறவர்கள் அம்பாத்துரையைத் தாண்டித்தான் வருகிறார்கள். அங்கே 1947 அக்டோபர் 7-ல் காந்திகிராமத்தைத் தொடங்கிய டாக்டர் சௌந்தரம், டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். பேருந்துகளில் எழுதப்பட்ட ஒரு பெயர் அவர் வீட்டுப் பெயராக இருந்தது. ஆனால் ஊருக்குக் காந்தியின் பெயர், மருத்துவமனைக்குக் கஸ்தூரிபாவின் பெயர். ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்துக்குச் சௌபாக்கிய இல்லம் என்று பெயர். அநாதை என்ற சொல்லுக்கே அங்கே வேலை இல்லை. குழந்தைகளுக்கான இடத்துக்கு எந்தப் பெயரை வைப்பது, எந்தப் பெயரை ஒதுக்குவது என்ற தெளிவு மக்கள் தொடர்பின் முதல் பாடம். அதை நாம் வெளியூரில் தேட வேண்டியதில்லை.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘வார்டன் சரி என்றார்’ என்பது அனுமதி ஆகாது. குழந்தையின் நலனுக்குத் தேவை என்று கருதினால், காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதி தர வேண்டியது குழந்தைகள் நலக் குழு. கொரோனா காலத்தில், 2021 ஜூனில், பெற்றோரை இழந்த குழந்தைகளின் அடையாளத்தைக் காட்டி நிதி திரட்டும் தொண்டு நிறுவனங்களைத் தடுக்குமாறு உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. விளம்பரத் தர மன்றமான ஆஸ்கியும் 2023-ல் தொண்டு விளம்பரங்களுக்குத் தனி நெறி வகுத்தது. துயரத்தில் இருப்பவரின், குறிப்பாகக் குழந்தைகளின், கண்ணியத்தைக் குலைக்கும் படங்கள் கூடாது, ‘கொடுக்காதவர் மனசாட்சி இல்லாதவர்’ என்ற தொனியும் கூடாது என்கிறது அது.

இரண்டு வாடிக்கையாளர்களும் கைகோக்கும் இடம் ஒன்று உண்டு, அதைப் பற்றித்தான் எங்களுக்கு அதிக ஆர்வம். கிடங்குக்காரர், ‘இல்லத்துக்கு ஏதாவது செய்கிறேன், பேப்பரில் வர வேண்டும்’ என்பார். உடனே காசோலை, சால்வை, குரூப் போட்டோ என்று நம் கை தானாகப் போகும். சற்றுப் பொறுங்கள். குழந்தைகள் இல்லங்களுக்குப் பொருள் வரும் காலம் எது? தீபாவளியிலிருந்து பொங்கல் வரை அரிசி, இனிப்பு, துணி குவியும். பள்ளி திறக்கும் ஜூனில், நோட்டும் செருப்பும் வேண்டிய நேரத்தில், வாசல் காலியாக இருக்கும். குவியும்போது வைக்க இடமில்லை, தேவைப்படும்போது கையில் பொருள் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் சாலையோரம் மலைபோல் கிடந்து நனைந்து வீணான பழைய துணிகளை நேரில் பார்த்தவர்கள் நம் வாசகர்களில் இருக்கிறார்கள். கொடுக்க மனம் இருந்தது, பிரித்து அடுக்கி வைக்க ஏற்பாடு இல்லை. கூஞ்ச் அமைப்பை 1999-ல் தொடங்கிய அன்ஷு குப்தாவுக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்ததற்கு, பழைய துணியைப் பிச்சையாகப் பார்க்காமல் முறையாகக் கையாள வேண்டிய பொருளாகப் பார்த்த அந்தப் பார்வையே காரணம்.

ஆகவே கிடங்குக்காரரிடம் கேட்க வேண்டியது ஓர் அறை. பத்துக்குப் பத்து அறை ஒன்று, ஓராண்டுக்கு வாடகையின்றி, சாவி இல்லத்தின் கையில். வந்த பொருள், போன பொருள் எழுத ஒரு நோட்டு. செய்திக்குறிப்பில் அந்த நோட்டின் கணக்கைப் போடுங்கள். அடுத்த மாதம் என்ன தேவை, எந்த அளவுச் செருப்பு, எது வேண்டாம் என்று எழுதுங்கள். படம் வேண்டுமென்றால் அடுக்கப்பட்ட அந்த அறையைப் போடுங்கள். குழந்தைகளின் கண்ணியமும் காப்பாற்றப்படும், கரையான் ஏறாத சுவரும் ஊருக்குத் தெரியும். ஷட்டரின் வெளிப்புறத்தில் 1098 என்று பெரிதாக எழுதி வைத்தால் சாலையில் போகிற லாரிக்காரர் கண்ணிலும் படும். அந்த அறையைத் திறக்க விருந்தினரும் வேண்டாம், பந்தலும் வேண்டாம். குழந்தைகளுக்குக் கொடுத்ததைவிட அதை ஊருக்குச் சொல்ல அதிகம் செலவானால், அந்த வேலையை ஏற்காதீர்கள்.

பெரிய நிறுவனங்களின் வேலை வந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். தன் பொருளுக்கு விளம்பர ஆதாயம் தேடிச் செய்யும் உபயத்தைச் சமூகப் பொறுப்புச் செலவுக் கணக்கில் சேர்க்க முடியாது என்று 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகள் சொல்கின்றன. கொடைரோட்டுக் கிடங்குக்கு அந்த விதிகள் பொருந்தா, ஐந்து கோடி நிகர லாபம் அங்கே எங்கிருந்து வரும்? ஆனால் மதுரையிலும் கோவையிலும் கிளை வைத்திருக்கும் வாடிக்கையாளருக்குப் பொருந்தலாம். வங்கிக் கணக்கு எண்ணைப் பதிவிட்டு வெளிநாட்டு உறவுகளுக்குப் பகிரும் வழக்கத்திலும் ஆபத்து இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டோடு துபாயில் இருப்பவர் அனுப்பும் பணம் வேறு, சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட சொந்தக்காரர் அனுப்பும் பணம் வேறு. இரண்டாவது வெளிநாட்டு நன்கொடை. பதிவு பெற்ற அமைப்பு டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் வைத்திருக்கும் தனிக் கணக்கில் மட்டுமே அது வர வேண்டும். நாம் நல்லெண்ணத்தில் போட்ட ஒரு பதிவு, இல்லத்தின் பதிவுக்கே வினையாகிவிடக் கூடாது.

1968 ஏப்ரல் 21-ல் டெல்லியில் கூடிய நம் தொழிலின் முதல் அகில இந்திய மாநாடு ஓர் ஒழுக்க விதியை ஏற்றது. அந்த நாளைத்தான் ஒவ்வோர் ஆண்டும் தேசிய மக்கள் தொடர்பு நாளாகக் கொண்டாடுகிறோம். மனித கண்ணியத்தைக் காப்பது அந்த விதியின் அடிப்படை. வாசகர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. வரும் நவம்பர் 14 குழந்தைகள் தினத்துக்கு முன்பு, உங்கள் வாடிக்கையாளர்களின் பக்கங்களில் இன்னும் கிடக்கும் பழைய அன்னதானப் படங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துவிடுங்கள். எடுக்கச் சொன்னால் வருத்தப்படும் நன்கொடையாளரிடம் 74-ஆம் பிரிவைக் காட்டுங்கள். காட்டியும் கேட்காதவரின் அடுத்த விளம்பரத்தை வேறு யாராவது செய்யட்டும்.