அப்பா தேடிய பெரிய நட்டு

தம்பியின் கியர் சைக்கிளில் முன்பக்க ஷாக் ஆறு மாதமாகவே அழுந்தவில்லை. ஹேண்டில்பாரில் மொத்த எடையையும் போட்டு அமுக்கினாலும் அசையாது. பள்ளத்தில் இறங்கினால் மட்டும் 'டொக்' என்று ஒரு சத்தம். இரண்டு மழைக்காலம் வாசலில் நனைந்ததில் ஃபோர்க்கின் கால்களில் துரு குழி குழியாகப் பிடித்திருந்தது. "வண்டியையே மாத்திடுங்கம்மா" என்றார் கடைக்காரர். ப்ளஸ் ஒன் படிக்கிறவனுக்குப் பள்ளிக்கும் டியூஷனுக்கும் அதுதான் வாகனம். ஃபோர்க்கை மட்டும் வாங்கி நாமே மாட்டலாம் என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மலைச் சைக்கிளுக்கு ஷாக் என்பதே பழைய சமாசாரமில்லை. அமெரிக்காவில் பால் டர்னர் தொடங்கிய ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் ஃபோர்க் வந்தது 1989 வாக்கில்தான். இப்போது நம் தெருவில் ஓடும் பாதி சைக்கிள்களில் அதன் மலிவான வாரிசுகள்.

வாங்கும்போதுதான் தலை சுற்றும். சக்கரம் 26-ஆ, 27.5-ஆ, 29-ஆ என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். ஃபோர்க்கின் கழுத்துக் குழாய் 28.6 மி.மீ., மேலே மரை இல்லாத வகை. டிஸ்க் பிரேக் மாட்ட இடது காலில் துளைகள் வேண்டும். சில மலிவு ஃபோர்க்குகளில் அது இருக்காது. பழையது 80 மி.மீ. அழுந்தும் என்றால் புதியதும் ஏறக்குறைய அதே அளவு. 'இருக்கட்டும்' என்று 120 வாங்கினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, திருப்பும் விதமே மாறிவிடும். மூவாயிரத்துச் சொச்சம் ஆனது.

ஞாயிறு காலை மொட்டை மாடி. அந்தக் கால சைக்கிளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் போட்டு மாட்டிய கை அப்பாவுடையது. பெரிய ஸ்பேனரோடு வந்தவர் கழுத்தில் நட்டைத் தேடினார். "நட்டே இல்லையேம்மா, எப்படி நிக்குது?"

அங்கேதான் விஷயம். உச்சியில் மூடி மாதிரி இருக்கும் ஒற்றை போல்ட் ஃபோர்க்கைப் பிடித்திருக்கவில்லை. பேரிங்கில் ஆட்டம் இல்லாமல் அழுத்தம் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. பிடித்திருப்பது ஹேண்டில்பார் ஸ்டெம்மின் பக்கவாட்டில் உள்ள இரண்டு போல்ட்டுகள். மூடியைக் கழற்றிவிட்டு அவற்றைத் தளர்த்தினால் ஃபோர்க் தானாகவே கீழே இறங்கும். ஒரு கையால் தாங்கிக்கொள்ள வேண்டும்.

பழைய ஃபோர்க்கின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த இரும்பு வளையத்தை நான் கவனிக்கவே இல்லை. கீழ் பேரிங் உட்காருவது அதன் மேல்தான். அப்பா ஸ்க்ரூ டிரைவரை வைத்து இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டாகக் கிளப்பினார். புதியதில் ஏற்ற, வீட்டில் மிச்சமிருந்த பிவிசி பைப் துண்டு.

புதுக் குழாய் நீளமாக வரும், நாம்தான் அறுக்க வேண்டும். பேரிங், ஸ்பேசர், ஸ்டெம் எல்லாவற்றையும் கோத்துப் பார்த்து, உச்சியிலிருந்து 3 மி.மீ. கீழே கோடு. அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் மூடி குழாயில் முட்டிக்கொள்ளும், பேரிங்கை அழுத்தாது. "வெட்டினா ஒட்ட முடியாது. நீளமா விட்டு மேல ஒரு ஸ்பேசர் போடு" என்றார் அப்பா. அப்படியே செய்தோம். மூடியின் போல்ட் பிடிக்க, குழாய்க்குள் நட்சத்திர நட்டு ஒன்றைச் சாயாமல் 15 மி.மீ. ஆழத்துக்கு அடித்து இறக்க வேண்டும். முதல் அடியிலேயே கோணலாகப் போனது. அரை மணி நேரம் அதிலேயே கழிந்தது.

பிறகு எல்லாம் மளமளவென்று. சக்கரம், பிரேக், மூடி. முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். கழுத்தில் 'கடக்' இல்லை. தம்பி ஏறி உட்கார்ந்துவிட்டான்.

"இறங்குடா" என்றார் அப்பா. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, ஹேண்டில்பாரைத் திருகினார். ஹேண்டில்பார் திரும்பியது. சக்கரம் திரும்பவில்லை.

பக்கவாட்டு போல்ட்டுகள் இரண்டையும் நான் முறுக்கவே இல்லை. தெருமுனைத் திருப்பத்தில் லாரிகள் வரும். எனக்குக் கை சில்லிட்டுப்போனது. தம்பி, "அக்கா..." என்று மட்டும் இழுத்தான்.

ஸ்டெம்மிலேயே 5 நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருந்தது. டார்க் ரெஞ்ச் கையில் இல்லை. சின்ன ஆலன் கீயால் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, அதே முழங்கால் சோதனையை நான் ஒருமுறை, அவர் ஒருமுறை செய்தோம். திங்களன்று ஒரு கடையில் ரெஞ்ச் வைத்தும் சரிபார்த்தாயிற்று.

பழைய ஃபோர்க் எடைக்குப் போனது. உள்ளே இருந்த ஸ்பிரிங்கை மட்டும் அப்பா கழற்றி எடுத்து வைத்திருக்கிறார். எதற்கென்று கேட்டேன்.

"இருக்கட்டும்."